காலி இருக்கைக்கு யார் விலை வைக்கிறார்கள்? பகிர்வுப் பொருளாதாரமும் இணையத் தளங்களும்

கேள்வி: பகிர்வுப் பொருளாதாரம் என்று எதைச் சொல்கிறார்கள்? ஊபர், ஏர்பிஎன்பி, ஸ்விக்கி எல்லாமே அதில் அடங்குமா? இணையத் தளங்கள் இதில் வெறும் தரகர்கள்தானா? நான் அடிக்கடி சொந்தக் காரில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறேன். ஆப் மூலம் மூன்று பேரை ஏற்றிக்கொண்டால் நானும் இதில் சேர்த்தியா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெயர் சொன்ன நிறுவனங்கள் எல்லாவற்றையும்விட, மதுரைக்குப் போகும் உங்கள் கார்தான் பகிர்வுப் பொருளாதாரத்துக்கு நெருக்கமான உதாரணம். ஸ்விக்கி அதில் சேராது. ஊபர் பெரும்பாலும் சேராது. வீடுகளைக் குறுகிய நாட்களுக்கு வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் சில வீடுகள் சேரும், பல வீடுகள் சேராது. எது எதில் சேரும் என்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வரி யார் கட்டுவது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, ஓட்டுநருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டா, ஒரு தெருவில் வீட்டு வாடகை ஏறுமா என்ற கேள்விகள் எல்லாம் இந்தப் பிரிவினையில்தான் போய் நிற்கின்றன. அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

நான் படித்த வரையறைகளில் மிகவும் கைகொடுப்பது, நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் கோயன் ஃப்ரெங்கனும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜூலியட் ஷோரும் முன்வைத்தது. சாதாரண மக்கள், தங்களிடம் முழுதாகப் பயன்படாமல் கிடக்கும் ஒரு பொருளை, ஒருவருக்கொருவர் தற்காலிகமாகப் பயன்படுத்தக் கொடுப்பதுதான் பகிர்வுப் பொருளாதாரம் என்கிறார்கள். காசு வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். இதில் ஒவ்வொரு நிபந்தனையும் எதையோ ஒன்றை வெளியே தள்ளுகிறது. தற்காலிகம் என்பதால் ஓஎல்எக்ஸில் பழைய பைக்கை விற்பது வெளியே போய்விடுகிறது. சாதாரண மக்களுக்கிடையில் என்பதால், 2000இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய ஜிப்கார் போன்ற நிறுவனம் வெளியே போகிறது. அங்கே கார்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். 2013இல் அதை வாங்கியதும் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனமே. பயன்படாமல் கிடக்கும் பொருள் என்ற நிபந்தனையில் உணவு டெலிவரி வெளியே போகிறது. டெலிவரிக்கு வருபவர் தன் பைக்கில் மிச்சமிருக்கும் இடத்தை உங்களுக்குத் தரவில்லை. தன் உழைப்பைத் தருகிறார்.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் கேட்காவிட்டாலும் அந்தப் பயணம் நடந்திருக்குமா? ஊபரில் நீங்கள் பொத்தானை அழுத்தியதால்தான் வண்டி கிளம்புகிறது. நீங்கள் அழுத்தாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. ஓட்டுநர் வழியில் உங்களை ஏற்றிக்கொள்ளவில்லை, உங்களுக்காகவே ஓட்டுகிறார். அது டாக்சி. ஆனால் நீங்கள் மதுரைக்கு எப்படியும் போகப்போகிறீர்கள். யாரும் ஏறாவிட்டாலும் கார் போகும், பெட்ரோல் எரியும், பின் இருக்கை காலியாக இருக்கும். அந்தக் காலி இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தால் சாலையில் புதிதாக ஒரு வண்டி கூடுவதில்லை. ஒன்று குறையக்கூட வாய்ப்பிருக்கிறது.

பிரான்ஸின் பயணப் பகிர்வுத் தளமான பிளாப்ளாகார் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதன் நிறுவனர் ஃப்ரெடெரிக் மாசெல்லா 2003 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாரிஸிலிருந்து ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் தவித்தார். கடைசியில் சகோதரியின் காரில் போனபோது, சாலை நிறைய ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கார்களைப் பார்த்தார். ரயில் நிரம்பி வழிகிறது, அதே திசையில் போகும் கார்கள் காலியாகப் போகின்றன. 2006இல் அவர் தொடங்கிய தளத்தில் ஒரு விதி முக்கியமானது: ஓட்டுபவர் லாபம் பார்க்கக் கூடாது. பெட்ரோலும் சுங்கக் கட்டணமும் சேர்ந்த செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போகாதபடி தளமே உச்சவரம்பு வைக்கிறது. தளத்தின் வருமானம் பயணியிடம் வாங்கும் சேவைக் கட்டணம். இந்த உச்சவரம்பு விதிக்குக் கீழே மறுபடி வருவேன்.

நான் சொன்ன வரையறை குறுகலானது. எல்லோரும் இதை ஏற்பதில்லை. 2016 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆவணம் இன்னும் அகலமாகப் போனது. பொருட்களையும் சேவைகளையும் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளும் திறந்த சந்தையை ஒரு தளம் உருவாக்கினால், கொடுப்பவர் பெரும்பாலும் தனிநபராக இருந்தால், அதுவே போதும் என்றது. கொடுப்பவர், பெறுபவர், நடுவில் தளம் என்று மூன்று தரப்பைச் சொன்னது. கொடுப்பவர் எப்போதாவது செய்யும் சாதாரண ஆளாகவும் இருக்கலாம், அதையே தொழிலாகச் செய்பவராகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. சட்டம் போட வேண்டியவர்களுக்கு இந்த அகலம் தேவைதான். எல்லோரையும் உள்ளே வைத்தால்தானே விதி எழுத முடியும். ஆனால் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் குறுகலான வரையறையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பகிர்வும் வியாபாரமும் எப்படி இப்படிக் கலந்தன? தொடக்கத்தில் காசு பெரிய விஷயமாக இல்லை. 2004இல் தொடங்கிய கவுச்சர்ஃபிங் தளத்தில் முன்பின் தெரியாதவரை வீட்டு சோபாவில் இலவசமாகத் தூங்க அனுமதித்தார்கள். அது லாப நோக்கற்ற அமைப்பாக இருந்து, 2011இல் லாப நோக்குள்ள நிறுவனமாக மாறியது. 2020 மே மாதம், கொரோனா நெருக்கடியில், உறுப்பினர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியது. ஏர்பிஎன்பியின் கதை 2007 அக்டோபரில் தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்கத் திணறிய பிரையன் செஸ்கியும் ஜோ கெப்பியாவும், வடிவமைப்பாளர் மாநாடு ஒன்றுக்காக ஹோட்டல்கள் நிரம்பியிருந்த சமயத்தில், தங்கள் வீட்டுத் தரையில் காற்று மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். ஓர் இரவுக்கு 80 டாலர், காலை உணவு உண்டு. அது உண்மையான பகிர்வு. அவர்கள் அந்த வீட்டிலேயே இருந்தார்கள், தரை சும்மாதான் கிடந்தது. அடுத்த வருடமே உலக நிதி நெருக்கடி வந்தது. கையில் இருப்பதை வைத்து நாலு காசு பார்க்க வேண்டிய நிலையில் பலர் இருந்தார்கள், முதலீட்டாளர்களும் புதிதாக எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்தில் இந்தத் துறை வீங்கியது.

அந்த நாட்களில் எல்லோரும் சொன்ன உதாரணம் துளையிடும் இயந்திரம். வருடத்தில் ஒருமுறை சுவரில் ஆணி அடிக்க எதற்கு வீட்டுக்கு வீடு ஒரு டிரில், பக்கத்து வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் சின்னச் சாமான்களை வாடகைக்கு விடத் தொடங்கிய தளங்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. காரணம் எளியது. ஆப்பில் டிரில் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். அதைப் போய் வாங்கி வர ஒரு நடை, திருப்பிக் கொடுக்க ஒரு நடை, உடைந்திருந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு. டிரில்லின் விலையே சில ஆயிரம்தான் என்னும்போது இந்த அலைச்சல் கட்டாது. எந்தப் பரிமாற்றத்துக்கும் தேடுவதற்கு, பேரம் பேசுவதற்கு, நம்புவதற்கு என்று ஒரு செலவு உண்டு என்று 1937லேயே பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் காட்டினார். இணையத் தளங்கள் தேடும் செலவையும் நம்பும் செலவையும் வெகுவாகக் குறைத்தன. நடந்து போகும் செலவை அவற்றால் குறைக்க முடியவில்லை. அதனால்தான் வீடு, கார் என்று விலை உயர்ந்த பொருட்களில் மட்டும் இது வேரூன்றியது. டிரில் விஷயத்தில் வென்றது ஒரு பொது நூலகம். அமெரிக்காவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் கருவிகளைப் புத்தகம் போலவே இரவல் கொடுத்துவருகிறது. இணையமே இல்லாத காலத்தில் தொடங்கியது அது.

சரி, தளத்தின் வேலைக்கு வருவோம். தரகர் என்றால் இரண்டு பேரை அறிமுகப்படுத்திவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தளம் அதைவிட நிறைய செய்கிறது. முதல் வேலை, இரு பக்கமும் கூட்டம் சேர்ப்பது. பயணி இல்லாத இடத்துக்கு ஓட்டுநர் வரமாட்டார், ஓட்டுநர் இல்லாத இடத்துக்குப் பயணி வரமாட்டார். இப்படி இரண்டு பக்கமுள்ள சந்தைகளில் ஒரு பக்கத்துக்குச் சலுகை கொடுத்து இழுத்து, மறுபக்கத்தில் பணம் பார்ப்பார்கள். இதை ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஜான் திரோல் 2014இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஒரு நகரத்தில் ஒருமுறை கூட்டம் சேர்ந்துவிட்டால் புதிதாக வருபவர் நுழைவது கடினம். ஆரம்பத்தில் பயணிக்குத் தள்ளுபடியும் ஓட்டுநருக்கு ஊக்கத்தொகையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டையும் சத்தமில்லாமல் குறைத்ததைச் சென்னையில் கால்டாக்சி ஓட்டும் எவரிடம் கேட்டாலும் சொல்வார்.

இரண்டாவது வேலை நம்பிக்கை. என் பார்வையில் இந்தத் தளங்களின் உண்மையான கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. முகம் தெரியாதவர் காரில் ஏறவும் முகம் தெரியாதவரை வீட்டுச் சாவியோடு விடவும் கோடிக்கணக்கானவர்களைச் சம்மதிக்க வைத்தது சின்ன விஷயமில்லை. இதற்கு வழி காட்டியது இணைய ஏலத் தளமான ஈபே. அங்கே 1996லேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் முறை வந்துவிட்டது. அதோடு அடையாளச் சான்று, தளமே பணத்தை வாங்கிப் பிடித்து வைத்து விருந்தினர் வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்காரருக்கு விடுவிப்பது, காப்பீடு எல்லாம் சேர்ந்தன. காப்பீடு தானாக வந்துவிடவில்லை. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பி மூலம் வந்த விருந்தினர்கள் ஒரு பெண்ணின் வீட்டைச் சூறையாடினார்கள். செய்தி பரவிக் கண்டனம் கிளம்பிய பிறகுதான் 50,000 டாலர் வரை இழப்பீடு என்று நிறுவனம் அறிவித்தது. அடுத்த வருடம் அதைப் பத்து லட்சம் டாலராக உயர்த்தியது.

நட்சத்திர மதிப்பீட்டை முழுசாக நம்பிவிடவும் கூடாது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் பார்த்தபோது ஏர்பிஎன்பி வீடுகளில் கிட்டத்தட்ட 95 சதவீதம் நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தன. வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு மூன்று நட்சத்திரம் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அதைவிடக் கவலை தருவது வேறொன்று. முகமும் பெயரும் காட்டினால் நம்பிக்கை வரும் என்று தளங்கள் நினைத்தன. முகத்தோடும் பெயரோடும் பாரபட்சமும் உள்ளே வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான கோரிக்கைகளைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினத்தவருக்கு உரியதாகத் தெரியும் பெயர்களுக்கு ஏற்பு 16 சதவீதம் குறைவாக இருந்தது. பிறகு, முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினர் படத்தைக் காட்டுவது என்று ஏர்பிஎன்பி மாற்றிக்கொண்டது. சாதி கேட்டு வீடு வாடகைக்கு விடும் ஊரில் வாழ்பவர்களுக்கு இதன் கனம் புரியும்.

மூன்றாவது வேலைதான் சர்ச்சைக்குரியது. விலை வைப்பது, நிபந்தனை விதிப்பது, பிடிக்காவிட்டால் வெளியே தள்ளுவது. "நாங்கள் வெறும் தொழில்நுட்பத் தளம்" என்று நிறுவனங்கள் சொல்வது உண்மையா என்பதை இந்த மூன்றாவது வேலையை வைத்துத்தான் நீதிமன்றங்கள் தீர்மானித்திருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் உங்கள் கேள்விக்கான பதில் தெளிவாகவே கிடைக்கிறது.

பார்சிலோனா டாக்சி ஓட்டுநர்களின் சங்கமான எலீட் டாக்சி, ஊபர்பாப் சேவைக்கு எதிராக 2014இல் வழக்குப் போட்டது. ஊபர்பாப்பில் உரிமம் இல்லாத சாதாரண ஆட்கள் சொந்தக் காரை ஓட்டினார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2017 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: ஊபர் செய்வது போக்குவரத்துச் சேவை. நீதிமன்றம் பார்த்தது இதைத்தான். அதிகபட்சக் கட்டணத்தையாவது ஊபர்தான் வைக்கிறது. பயணியிடம் பணத்தை வாங்கி, அதில் ஒரு பகுதியை ஓட்டுநருக்குக் கொடுக்கிறது. வண்டியின் தரத்தையும் ஓட்டுநரின் நடத்தையையும் கண்காணித்து, தேவைப்பட்டால் நீக்குகிறது. ஊபர் இல்லாவிட்டால் அந்த ஓட்டுநர்கள் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

அதே ஸ்பெயினில், அதே வருடம் பிப்ரவரியில், பேருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு பிளாப்ளாகார் மீது போட்ட வழக்கில் மாட்ரிட் வணிக நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது. பிளாப்ளாகார் போக்குவரத்து நிறுவனம் அல்ல, தங்கள் விருப்பப்படி பயணம் போகும் தனிநபர்களை இணைத்து வைக்கிறது, அவ்வளவே என்றது. லாபம் கூடாது என்ற அந்த உச்சவரம்பு விதிதான் இங்கே காப்பாற்றியது.

2019 டிசம்பர் 19 அன்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் ஏர்பிஎன்பி பற்றித் தீர்ப்புச் சொன்னது. பிரான்ஸின் சுற்றுலாத் தங்குமிடச் சங்கம் ஒன்று, ஏர்பிஎன்பிக்கு வீட்டுத் தரகர் உரிமம் வேண்டும் என்று கேட்டிருந்தது. நீதிமன்றம் மறுத்தது. வாடகையை வீட்டுக்காரர்தான் வைக்கிறார், தளம் விலையைப் பரிந்துரைக்கும் கருவி மட்டும் தருகிறது. அந்தத் தளம் இல்லாவிட்டாலும் வாடகைக்கு விட வேறு வழிகள் உண்டு. எனவே அது இரு தரப்பை இணைத்து வைக்கும் தகவல் சேவை, வீட்டுத் தரகர் அல்ல. 2020 டிசம்பரில் ருமேனியாவின் ஸ்டார் டாக்சி ஆப் வழக்கிலும் இதே முடிவு வந்தது. ஏற்கெனவே உரிமம் பெற்ற டாக்சிக்காரர்களைப் பயணியோடு இணைக்கிறது, கட்டணம் வைப்பதில்லை, ஆகவே தகவல் சேவை. டாக்சி ஆப் என்பதாலேயே ஊபர் வகையில் அதைச் சேர்த்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு தளம் எந்தத் தொழிலில் இருக்கிறது என்பதைவிட, கட்டணமும் நிபந்தனையும் யார் கையில் இருக்கின்றன என்பதைத்தான் நீதிபதிகள் பார்த்தார்கள்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று இன்னும் ஒரு படி மேலே போனது. ஊபர் ஓட்டுநர்கள் சட்டப்படி தொழிலாளர்கள், குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் அவர்களுக்கு உண்டு என்றது. கட்டணத்தை வைப்பது ஊபர், ஒப்பந்தத்தை எழுதுவது ஊபர், சவாரிகளை அதிகமாக மறுத்தால் தண்டிப்பது ஊபர், மதிப்பீட்டை வைத்துக் கட்டுப்படுத்துவது ஊபர், பயணியும் ஓட்டுநரும் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளாமல் தடுப்பதும் ஊபர். ஆப்பை இயக்கிவிட்டுச் சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. வண்டியின் தவணையும் டீசலும் விபத்தின் சுமையும் ஓட்டுநர் தலையில், விலையும் விதியும் நிறுவனத்தின் கையில் என்றால், அங்கே சொந்தத் தொழில் செய்பவர் யாரும் இல்லை.

இந்தியா வேறு வழியில் போகிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர் (நிரந்தர வேலை இல்லாமல் அவ்வப்போது கிடைக்கும் வேலைக்குக் காசு வாங்குபவர்), தளத் தொழிலாளர் (இணையத் தளம் வழியாக வேலை செய்பவர்), அக்ரிகேட்டர் (ஊபர், ஸ்விக்கி போன்ற தள நிறுவனம்) என்ற மூன்றையும் வரையறுத்தது. வழக்கமான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்று அந்தத் தொழிலாளர்களை வைத்துவிட்டு, அக்ரிகேட்டர்கள் ஆண்டு விற்றுவரவில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்றது. ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாமலே ஏதோ கொஞ்சம் பாதுகாப்பு. 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30இல் 2.35 கோடியாக உயரும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. ராஜஸ்தான் 2023இல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதே வருடம் தனி நல வாரியம் அமைந்தது. நல வாரியம் நல்லதுதான். ஆனால் கணக்கை ஏன் முடக்கினார்கள், சவாரிக் கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கும் உரிமையை வாரிய அட்டை தராது.

இதற்கிடையே பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து 2022இல் வந்த நம்ம யாத்ரி ஆப் வேறொரு பாதையைக் காட்டியது. கமிஷன் கிடையாது. ஓட்டுநர் நாளொன்றுக்கு 25 ரூபாய் போலச் சந்தா கட்டுகிறார், பயணி கொடுக்கும் பணம் முழுவதும் அவருக்கே. பிறகு அது சென்னைக்கும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஊபரே இந்தியாவில் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. தளம் வெறுமனே இணைக்கிறதா, சேவையையே தருகிறதா என்ற அதே கேள்வி இங்கு வரி வடிவில் வந்தது. வரி உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கேட்டால் பதில் சொல்லும் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், நம்ம யாத்ரி வெறுமனே இணைத்து வைக்கிறது என்பதால் சவாரிக்கான வரியை அது கட்ட வேண்டியதில்லை என்று 2023இல் சொன்னது. 2024இல் ஊபரின் சந்தா முறை பற்றிக் கேட்டபோது வரி உண்டு என்றது. ஐரோப்பாவில் நடந்த அதே விவாதம், ஆட்டோ மீட்டரை வைத்து நம்மூரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீடுகள் விஷயத்தில் தளத்தைவிடக் கொடுப்பவர் யார் என்பதுதான் பெரிய பிரச்சினை. தான் வாழும் வீட்டில் ஓர் அறையை விடுபவரும், இருபது அடுக்குமாடி வீடுகளை வாங்கி வருடம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவரும் ஒரே தளத்தில் ஒரே மாதிரிப் படத்தோடு இருக்கிறார்கள். இரண்டாமவர் நடத்துவது ஹோட்டல். அந்த இருபது வீடுகளும் சும்மா கிடந்தவை அல்ல, இருபது குடும்பங்கள் வாழ்ந்திருக்க வேண்டியவை. நகரங்கள் நாட்களை எண்ணிக் கோடு போடத் தொடங்கின. லண்டனில் வருடத்துக்கு 90 இரவு, ஆம்ஸ்டர்டாமில் 2019இல் 30 இரவு, ஜப்பானில் 2018 சட்டப்படி 180 நாள். நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து இன்னும் கடுமையானது. முப்பது நாளுக்குக் குறைவாக விட வேண்டுமென்றால் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. செஸ்கியும் கெப்பியாவும் காற்று மெத்தை போட்ட நாளில் இருந்த நிலைக்கே சட்டம் இழுத்து வந்துவிட்டது. பார்சிலோனா மேயர் 2024இல், உரிமம் பெற்ற பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீடுகளின் உரிமத்தையும் 2028 நவம்பரோடு முடித்துவிடுவதாக அறிவித்தார். அது அளவுக்கு மீறிய முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. தன் வாடகையைச் சமாளிக்க ஓர் அறையை விடுபவரைத் தனியாகக் காப்பாற்ற ஏதாவது வழி வைக்க வேண்டும்.

தளம் இல்லாமலே நம்மிடம் இருக்கும் ஷேர் ஆட்டோ இதில் சேருமா என்று கேட்பீர்கள். இருக்கைகளைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆனால் அது ஓட்டுநரின் முழுநேரத் தொழில். வண்டி சும்மா கிடந்து ஓடவில்லை. ஆகவே குறுகிய வரையறைக்குள் வராது. டிராக்டர் அந்த வரையறைக்குள் வரும். வருடத்தில் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கும் டிராக்டரை உழவுக்காலத்தில் பக்கத்து நிலத்துக்காரருக்கு வாடகைக்கு விடுவது கிராமத்தில் எப்போதும் உண்டு. டிராக்டர் தயாரிக்கும் டாஃபே நிறுவனத்தின் ஜேஃபார்ம் சர்வீசஸ் அதை ஆப்பில் கொண்டுவந்தது. வாடகையைச் சொந்தக்காரரும் விவசாயியும் பேசி முடிக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை ஆப் வேறு மாதிரி. அங்கே இயந்திரம் அரசுடையது, மணிக்கு இவ்வளவு என்று அரசே விலை வைக்கிறது. அது அரசு வாடகை நிலையம். இரண்டுமே விவசாயிக்குத் தேவைதான்.

இனி உங்கள் கார். சென்னை–மதுரைக்குப் பெட்ரோல், சுங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களோடு சேர்த்து நாலு பேர் என்றால் ஆளுக்கு 1,000. மூன்று பேரிடமும் ஆயிரம் ஆயிரம் வாங்கினால் உங்கள் பங்கை நீங்களே போட்டிருக்கிறீர்கள், அது செலவுப் பங்கீடு. ஆளுக்கு 1,800 வாங்கினால் 1,400 ரூபாய் லாபத்தோடு மதுரைக்கு இறங்குகிறீர்கள், அது வாடகை வண்டி. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. இந்த வித்தியாசம் தெரிந்துதான் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தனியார் காரில் பயணப் பகிர்வுக்கு நகரத்துக்குள் நாளொன்றுக்கு நாலு பயணம், ஊர் விட்டு ஊருக்கு வாரத்தில் இரண்டு என்று எல்லை வைத்தது. 2025இல் அதன் இடத்தில் புதிய வழிகாட்டுதல் வந்தது. ஆனால் இவற்றை அமலுக்குக் கொண்டுவருவது மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தனியார் கார் பாலிசியில், வாடகைக்கோ பிரதிபலனுக்கோ பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று ஒரு வரி இருக்கும். விபத்து நடந்த பிறகு, பயணிகளிடம் வாங்கிய தொகை செலவுக்குள் அடங்கியதா, தாண்டியதா என்பதைக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் ஆப் கணக்கை வைத்தே தோண்டும். ஆகவே ஆப் சொல்லும் அதிகபட்ச விலையை அப்படியே போட்டுவிடாமல், பெட்ரோல் பில்லையும் சுங்கச்சாவடிக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு நாலால் வகுத்துப் போடுங்கள். காலி இருக்கை இருக்கிறது என்பதற்காகப் போகும் நாளையோ வழியையோ மாற்றாதீர்கள். நீங்கள் மதுரைக்குப் போகாத நாளில் மூன்று பேருக்காகக் காரை எடுத்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் டாக்சி ஓட்டுகிறீர்கள்.